மைனஸ் 20-ல் ஆக்சிஜன் சென்சார் சோதனை: எந்தக் கருவியை நம்பலாம், எந்த நேரத்தில்?

கனடாவில் வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் பக்கம் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கமான குளிர். டொராண்டோ, ஸ்கார்பரோ பக்கம் அது அவ்வப்போது வந்து போகும். அந்த நாட்களில் ‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்தால், கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பெரும்பாலும் வருபவை பி0135, பி0141 (சென்சார் ஹீட்டரின் சர்க்யூட்), பி0171 (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), பி0420 (புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு) போன்ற குறியீடுகள். எல்லாமே சைலன்சர் பாதையில் இருந்து, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சார்களைக் கைகாட்டுவதுபோல் இருக்கும். அதைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கி மாட்டிவிடுகிறார்கள், இரண்டு வாரத்தில் அதே விளக்கு மறுபடி எரிகிறது. சென்சார் நன்றாக இருந்து, அதைத் தப்பான வெப்பநிலையில் சோதித்ததால் வரும் வீண்செலவு இது.

முன்னால் இருக்கும் வழிகள் இவை: சோதிக்காமல் பாகத்தை மாற்றுவது, போனோடு இணையும் மலிவான புளூடூத் அடாப்டர், நேரலை அளவுகளைக் காட்டும் கையடக்க ஸ்கேனர், மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும், சிக்னலின் ஏற்ற இறக்கத்தை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப், கடைசியாக ஒர்க்‌ஷாப். வீட்டு வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளியிலோ வண்டி நிறுத்துகிறவருக்கு எங்கள் பரிந்துரை, கையடக்க ஸ்கேனரும் ஒரு நல்ல மல்டிமீட்டரும். ஆனால் எதை வாங்கினாலும் சோதனையை இரண்டாகப் பிரித்துச் செய்யாவிட்டால் பலனில்லை. ஹீட்டரையும் வயரிங்கையும் வண்டி இரவெல்லாம் குளிரில் நின்ற பிறகு, கிளப்புவதற்கு முன் பாருங்கள். சென்சார் தரும் சிக்னலை வண்டி முழுதாகச் சூடேறிய பிறகு பாருங்கள். இடைப்பட்ட நேரத்தில் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குளிரில் அளவுகள் ஏன் ஏமாற்றுகின்றன

ஆக்சிஜன் சென்சாருக்குள் இருப்பது சிர்கோனியா பீங்கான். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது வேலை செய்யும். பெட்ரோல் அதிகமா குறைவா என்று மட்டும் சொல்லும் சாதாரண நேரோபேண்ட் சென்சார் அதன் பிறகே 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும். இப்போதைய வண்டிகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்து, எவ்வளவு அதிகம், எவ்வளவு குறைவு என்றும் அளக்கும் வைட்பேண்ட் சென்சாருக்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். பரவலாகப் புழங்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 வேலை செய்வது 780 டிகிரியில். புகையின் சூடு மட்டும் இதற்குப் போதாது. அதனால் சென்சாருக்குள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது.

இனித் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாயின் சுவர் சுமார் 50 டிகிரியைத் தாண்டும்வரை அந்த ஆவி சுவரில் படிந்து சொட்டும். நன்றாகச் சூடேறியிருக்கும் பீங்கானில் ஒரு சொட்டு தெறித்தாலே விரிசல் விழும். எனவே குழாய் காயும்வரை ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஹீட்டருக்கு முழு மின்சாரம் கொடுப்பதில்லை, அடக்கி வைத்திருக்கும். கோடையில் இந்தக் காத்திருப்பு சீக்கிரம் முடிந்துவிடும். மைனஸ் 20-ல், அதுவும் வண்டி நின்றபடியே ஓடிக்கொண்டிருந்தால், நிமிடக்கணக்கில் நீளும். அதுவரை சில தயாரிப்புகளில் சிக்னல் 0.45 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்கும். அதைப் பார்த்து ‘சென்சார் செத்துவிட்டது’ என்று முடிவு கட்டுவது தவறு. அது இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை.

கடைக்குப் போய்வர ஐந்து நிமிடம், பள்ளிக்கூடத்துக்கு ஏழு நிமிடம் என்று மட்டுமே ஓடும் வண்டியில் இந்தத் தண்ணீர் முழுதாக வெளியேறுவதே இல்லை. சைலன்சரின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கி, இரவில் உறைந்து, மறுநாள் அதன்மேல் இன்னும் சேரும். பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். துருவும் உப்புச் சேறும் அதை அடைத்துவிட்டால் பனிக்கட்டி புகையின் வழியையே நெருக்கும். என்ஜின் இழுவை குறைந்து, எரிபொருள் திருத்த அளவுகளும் (சென்சார் சொல்வதை வைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) தடுமாறினால் சென்சாரைத் தொடுமுன் அந்தத் துளையைப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிவதற்கான வட அமெரிக்க ஓபிடி விதிகளின்படி, கிளப்பும்போது வெளி வெப்பம் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இருந்தால் பல சுயபரிசோதனைகளை வண்டி நிறுத்திவைக்கத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே ஜனவரி முழுக்கக் குறியீடு எதுவும் வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று பொருளில்லை, பரிசோதனையே நடக்காமல் இருந்திருக்கலாம். மார்ச்சில் குளிர் தணிந்த முதல் வாரத்தில் திடீரென்று பி0420 எட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் முதலிலேயே கவனியுங்கள். அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் மைனஸ் 25-ல் நெடுஞ்சாலையில் ஓடும்போதுகூட கூலன்ட் 60 டிகிரியைச் சுற்றியே நிற்கும். என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று ஈசியூ நினைத்து அதிக பெட்ரோல் ஊற்றும், சென்சார் பரிசோதனைகளையும் தள்ளிப்போடும். ஸ்கேனரில் பி0128-ம் (கூலன்ட் போதிய அளவு சூடேறவில்லை) சேர்ந்து வந்தால் முதல் வேலை தெர்மோஸ்டாட், பிறகுதான் மற்றதெல்லாம்.

குறியீட்டை நம்பி நேராகப் பாகத்தை மாற்றுவது

இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுதான் உண்டு. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தொழிற்சாலையில் பொருத்திய சென்சாரே இன்னும் இருக்கிறது, பி0135 வருகிறது, ஹீட்டர் மின்தடை முடிவிலி என்று மீட்டர் காட்டுகிறது என்றால் தயங்காமல் மாற்றலாம். கடைசியில் சொன்ன அந்த ஓர் அளவு இல்லாமல் மாற்றுவது சூதாட்டம். பி0135 என்பது ‘ஹீட்டர் சர்க்யூட்’ பற்றிய புகார். பியூஸ், ரிலே, கனெக்டர், உப்பில் அரித்த எர்த் எல்லாமே அந்த சர்க்யூட்டுக்குள் அடங்கும். பி0171-ல் சென்சாரைக் குற்றம் சொல்வதற்கு இன்னும் குறைவான காரணமே இருக்கிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

புளூடூத் அடாப்டர்

இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும் ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல்களைக் கொண்ட அடாப்டர்கள் குறியீட்டைப் படிக்கவும் ஃப்ரீஸ் ஃபிரேமைப் பார்க்கவும் போதும். அந்த ஃப்ரீஸ் ஃபிரேம் ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். குறியீடு பதிவான அந்த நொடியில் கூலன்ட் எத்தனை டிகிரி, வண்டி என்ன வேகம், எரிபொருள் திருத்தம் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கூலன்ட் மைனஸ் 15-ல் இருந்தபோது பதிவானதா, 88-ல் இருந்தபோதா என்பதிலேயே பாதி விடை வந்துவிடும். அதைக் குறித்து வைக்குமுன் யாரும் குறியீட்டை அழிக்கக் கூடாது. அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும்.

இதன் பலவீனம் வேகத்தில். மலிவு நகல்கள் ஒரு நொடிக்குச் சில அளவுகளை மட்டுமே கொண்டுவரும். ஆறேழு அளவுகளை ஒரே நேரத்தில் திரையில் போட்டால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்படாது. நல்ல நேரோபேண்ட் சென்சாரோ 2500 ஆர்பிஎம்மில் அதைவிட வேகமாக மேலும் கீழும் போய்வரும். கருவியின் மந்தத்தைச் சென்சாரின் மந்தமாக எண்ணிவிடும் ஆபத்து இங்கேதான். ஒரே ஓர் அளவை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் ஓரளவு தப்பிக்கலாம். குளிரில் போன் பேட்டரி திடீரென்று அணைந்துபோவதும் உண்டு. போனைச் சட்டைக்குள் வைத்திருந்து, கருவியை மாட்டிய பிறகு வெளியே எடுங்கள்.

கையடக்க ஸ்கேனர்

சில நூறு டாலர் ஆகும். வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். வைட்பேண்ட் சென்சாரின் லாம்டா மதிப்பைத் (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு) தனியாகக் காட்ட வேண்டும். மோட் 6 பரிசோதனை முடிவுகளைப் படிக்க வேண்டும். உங்கள் வண்டியின் ஹீட்டரை இயக்கிப் பார்க்கும் இருவழிக் கட்டளை இருந்தால் மிக நல்லது.

இதன் முதல் பயனைக் காலையில், என்ஜினைக் கிளப்புமுன்னரே அடையலாம். இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியில் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, கூலன்ட், உள்வாங்கும் காற்று, வெளிக்காற்று ஆகிய மூன்று வெப்ப அளவுகளையும் பாருங்கள். மூன்றும் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். வெளியே மைனஸ் 18 இருக்கும்போது கூலன்ட் சென்சார் பிளஸ் 6 என்று காட்டினால், புகைப் பாதையில் எதையும் சோதிக்க வேண்டாம். முதல் பொய் அங்கேயே இருக்கிறது. ஒரு நிபந்தனை: முந்தைய இரவு, என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகியிருக்கக் கூடாது. செருகியிருந்தால் கூலன்ட் மட்டும் சூடாக இருந்து இந்த ஒப்பீடே கெட்டுவிடும். ஈசியூவும் ‘இது முழுக் குளிர் துவக்கம் இல்லை’ என்று கருதிச் சில பரிசோதனைகளைத் தவிர்க்கக்கூடும்.

இரண்டாவது பயன் வண்டி சூடேறிய பிறகு. பதினைந்து இருபது நிமிடம் சாலையில் ஓட்டி, கூலன்ட் 80-ஐத் தாண்டியதும் நிறுத்தி, 2500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்றுவது போதாது, கடுங்குளிரில் பின்புறக் குழாய் காயவே காயாது. இப்போது குறுகிய, நீண்ட எரிபொருள் திருத்தங்களைக் கூட்டினால் பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சார் 0.6 முதல் 0.8 வோல்ட்டில் ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். சட்டென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது மேலே போக வேண்டும், விட்டதும் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். இந்த அசைவு இருக்கிறதென்றால் பின் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது.

பி0171-க்கு மட்டும் இந்த இரு வேளை விதியில் ஒரு சேர்க்கை உண்டு. எரிபொருள் திருத்தத்தைச் சூடேறும்போதும் தொடர்ந்து கவனியுங்கள். லூப் மூடியதும் (சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ பெட்ரோலைத் திருத்தத் தொடங்கியதும்) பிளஸ் 20 சதவீதம் இருந்து, சூடேறச் சூடேறப் பிளஸ் 4-க்கு இறங்கினால், குளிரில் சுருங்கித் திறந்து, சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும் ஒரு கசிவு இருக்கிறது. ஒன்று, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் ரப்பர் கேஸ்கெட். இல்லையென்றால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சென்சாருக்கு முன்னால் ஒரு விரிசல். பின்னதில் கிளப்பியவுடன் ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்கும், சில நிமிடத்தில் மறைந்துவிடும். வெளிக்காற்று அந்த விரிசல் வழியாக உள்ளே போய்ச் சென்சாரைத் தொடுகிறது, சென்சார் ‘ஆக்சிஜன் அதிகம்’ என்று சரியாகவே சொல்கிறது. குழாய்களுக்குள் புகை செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் வைத்து இந்தக் கசிவைத் தேடினால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தேட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் சூடான கொட்டகைக்குள் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டுத் தேடினால் அகப்படாது.

மல்டிமீட்டர்: தீர்ப்பு சொல்லும் கருவி

ஸ்கேனர் சந்தேகத்தைக் குறுக்கும், மல்டிமீட்டர்தான் தீர்ப்பைச் சொல்லும். வாங்கும்போது வேலை செய்யும் வெப்பநிலை வரம்பைப் படியுங்கள். மலிவான பல மீட்டர்கள் 0 டிகிரி வரைதான் கணக்கு. ஃப்ளூக் 87வி போன்றவை மைனஸ் 20 வரை தாங்கும். சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும், மீட்டர் ஏஏ பேட்டரி ஏற்கும் வகையானால் லித்தியம் போடுங்கள். எல்சிடி திரை மெதுவாக மாறும், எண் நிலைக்கும்வரை பொறுங்கள். குளிரில் இருந்த மீட்டரைச் சூடான கொட்டகைக்குள் கொண்டுபோனதும் உடனே பயன்படுத்த வேண்டாம். உள்ளே ஈரம் படியும். பைக்குள் வைத்து மூடி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள்.

சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஹீட்டரின் இரு கம்பிகளுக்கு இடையே ஓம் அளவு எடுங்கள். நான்கு கம்பி கொண்ட நேரோபேண்டில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுதான் ஹீட்டர். டென்சோவில் இரண்டு கறுப்பு, பாஷில் இரண்டு வெள்ளை. அளவெடுக்குமுன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் 0.2 அல்லது 0.4 ஓமைக் குறித்துக்கொண்டு கழிக்க வேண்டும். ஹீட்டர் மொத்தமே 2 ஓம் உள்ள முன் சென்சாரில் இந்தக் கழித்தல் இல்லாவிட்டால் அளவே தப்பு.

தவறு அதிகம் நடப்பது அடுத்த இடத்தில். சர்வீஸ் புத்தகத்தில் தரும் அளவு 20 டிகிரிக்கு உரியது. டொயோட்டாவின் பல மாடல்களுக்குப் பின் சென்சார் ஹீட்டர் 11 முதல் 16 ஓம், முன்பக்க ஏர்-ஃபியூவல் (வைட்பேண்ட்) சென்சார் 1.8 முதல் 3.4 ஓம் என்று அட்டவணை சொல்லும். ஹீட்டரின் உள்ளே இருப்பது உலோகத் தடம், குளிர்ந்தால் அதன் மின்தடை குறையும். பிளாட்டினம் தடமாக இருந்தால் 40 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 15 சதவீதம். அதாவது, 20 டிகிரியில் 12 ஓம் காட்டும் ஆரோக்கியமான ஹீட்டர் மைனஸ் 20-ல் 10.3 ஓம் காட்டும். அட்டவணையில் 11-க்குக் கீழே என்பதால் நல்ல சென்சார் குப்பைக்குப் போகும். குளிரில் எடுத்த அளவை 0.85-ஆல் வகுத்துவிட்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வி6 என்ஜின் என்றால் இன்னும் எளிது. இரு பக்கத்து சென்சார்களையும் ஒரே குளிரில் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அட்டவணையே தேவைப்படாது.

அடுத்து, ஹீட்டர் கம்பிக்கும் சிக்னல் கம்பிக்கும் இடையே அளவெடுங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. சில ஆயிரம் ஓம் காட்டினால் உள்ளே ஈரமோ விரிசலோ இருக்கிறது, ஹீட்டரின் 12 வோல்ட் சிக்னலுக்குள் கசிந்து பொய் அளவு தரும். இந்தக் கசிவு கடுங்குளிரில் ஒளிந்துகொள்ளும். கனெக்டருக்குள் போன உப்புநீர் கட்டியாக உறைந்திருக்கும்வரை மின்சாரம் குறைவாகவே கசியும். ஓடி, சூடேறி, உருகும்போது தலைகாட்டும். காலையில் சரியாக இருந்து, இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் குறியீடு வருகிற வண்டியில் கனெக்டரைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி பக்கத்து கனெக்டரில் வோல்ட் மட்டும் பார்ப்பது போதாது. அரித்துப்போய் ஒரே ஓர் இழையில் தொங்கும் கம்பியும் மீட்டருக்கு 12.3 வோல்ட் காட்டும். 5 வாட் பல்ப் உள்ள டெஸ்ட் லேம்பை ஹீட்டருக்கு மின்சாரம் வரும் முனைக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் வரவு சரி. மங்கினால் கோளாறு பியூஸ் பெட்டிக்கும் கனெக்டருக்கும் நடுவில், சென்சார் மேல் பழி இல்லை. எர்த் பக்கத்தை ஈசியூ விட்டு விட்டு இணைக்கும், அங்கே பல்ப் துடித்தால் அது இயல்பு.

டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் கனெக்டரைக் கழற்றவே தேவையில்லை. கிளப்பியதும் ஹீட்டர் கம்பியைச் சுற்றிப் பிடியுங்கள். மின்னோட்டம் வருகிறதா, சூடேறச் சூடேறக் குறைகிறதா என்று பார்த்தால் போதும். ஈசியூ முழு மின்சாரம் கொடுத்த பிறகு, சூட்டில் மின்தடை கூடுவதால் அது குறைந்தே ஆக வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரில், விறைத்து உடையக் காத்திருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரின் கொக்கியைத் தொடாமல் முடிக்கிற சோதனை இது ஒன்றுதான்.

எதைச் செய்தாலும் பேட்டரியை முதலில் பாருங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். மைனஸ் 20-ல் சாவியை ஆன் செய்து அரை மணி நேரம் அளவெடுத்தால் பிறகு வண்டி கிளம்பாது. கிளப்பும் நேரத்தில் வோல்ட் தாழ்ந்து போனாலே சம்பந்தமில்லாத குறியீடுகள் வரிசையாகப் பதிவாகும்.

ஆசிலோஸ்கோப்பும் ஒர்க்‌ஷாப்பும்

ஸ்கோப் வேண்டியது ஒரே கேள்விக்கு: சென்சார் மெதுவாகிவிட்டதா? பி0133 (சென்சாரின் மந்தமான பதில்) வந்திருந்தால், காற்றோட்டமான இடத்தில் இன்டேக்கில் கொஞ்சம் புரொபேன் விட்டு, சட்டென்று நிறுத்தி, நேரோபேண்டின் சிக்னல் உச்சத்திலிருந்து அடிக்கு வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்ப்பார்கள். 100-க்குள் இருந்தால் நல்லது. இந்த வேகத்தை எந்த மலிவு ஸ்கேனராலும் பார்க்க முடியாது. ஆனால் இந்த ஒரு சோதனைக்காகக் கருவி வாங்கி, பழகி, பனியில் லேப்டாப்போடு நிற்பதைவிட, ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரக் கூலி கொடுப்பது புத்திசாலித்தனம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதென்றால் ஃப்ரீஸ் ஃபிரேம் குறிப்பைக் கொண்டுபோங்கள். குளிரில் மட்டும் வரும் கோளாறு என்றால் முந்தைய இரவே வண்டியை அங்கே கொண்டுவிட்டு, வெளியிலேயே நிறுத்தி, காலையில் அவர்களே கிளப்பட்டும் என்று கேளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் குளிர்க் கோளாறைக் காட்டிப் பயனில்லை.

வீட்டில் கராஜ் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். குளிர் துவக்கத்தில் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, வீட்டுக்குள்ளும் புகும். ஓட வேண்டிய சோதனை எல்லாம் வெளியில்தான்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவருக்கு

டீசலில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. இங்கே ஸ்கேனருக்கு முன்னால் மற்ற எந்தக் கருவியும் நிற்காது, சென்சார்கள் அவ்வளவு. குளிரும் இங்கே உதவிக்கு வருகிறது. புகைக் குழாயில் மூன்று அல்லது நான்கு வெப்பச் சென்சார்கள் வரிசையாக இருக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியில், கிளப்புமுன், அவை எல்லாமே வெளி வெப்பத்தைத்தான் காட்ட வேண்டும். மூன்று மைனஸ் 19 காட்டி, ஒன்று மட்டும் பிளஸ் 30 காட்டினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பிடி200 (பிளாட்டினம்) வகையானால் மீட்டரிலும் உறுதி செய்யலாம்: 0 டிகிரியில் 200 ஓம், மைனஸ் 20-ல் சுமார் 185. வேறு வகைச் சென்சார்களில் குளிரில் மின்தடை மிகப் பெரியதாக இருக்கும், அறுந்த கம்பிபோலவே தோன்றும். எந்த வகை என்று தெரியாமல் ஓம் அளவை வைத்து மாற்றாதீர்கள்.

புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியின் இருபக்க அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார், என்ஜின் ஓடாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை, அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் அசையவில்லை, அந்தச் சென்சாரைக் குறிக்கும் பி2453 வருகிறது என்றால், அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயில் தண்ணீர் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சூடான காற்றால் உருக்குங்கள், தீ காட்ட வேண்டாம். காற்றடித்து வெளியேற்றுமுன் சென்சார் பக்க முனையைக் கழற்றிவிடுங்கள். அழுத்தக் காற்று நேரே சென்சாருக்குள் போனால் அதன் கதை முடிந்தது. குழாய் எங்காவது தொய்ந்து தண்ணீர் தேங்கும் வளைவு இருந்தால், அதைச் சரிவாக மாற்றிக் கட்டாவிட்டால் அடுத்த குளிரில் மறுபடி உறையும்.

புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் குழாய் காயும்வரை விழிக்காது. மைனஸ் 25-ல் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப்பில் அது வேலையையே தொடங்காமல் இருக்கலாம். பி20இஇ (நாக்ஸ் போதிய அளவு குறையவில்லை) வந்தால் நாக்ஸ் சென்சாரின் விலையைக் கேட்குமுன், நாக்ஸைக் குறைக்கப் புகையில் தெளிக்கப்படும் டெஃப் திரவத்தைப் பாருங்கள். 32.5 சதவீத யூரியா கொண்ட அந்தத் திரவம் மைனஸ் 11-லேயே உறைந்துவிடும். தொட்டியின் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் தெளிப்பே நடக்காது, நாக்ஸ் குறையாததைச் சென்சார் நேர்மையாகச் சொல்லும், பழி அதன்மேல் விழும்.

கழற்றி மாட்டுவது

சோதித்து உறுதியான பிறகு, மாற்றும் வேலையைக் குளிரில் செய்யாதீர்கள். சாலை உப்பில் துருவேறிய மரை குளிர்ந்த உலோகத்தில் இறுகிப் பிடித்திருக்கும், பலம் போட்டால் குழாயின் மரையும் சேர்ந்து வரும். முந்தைய இரவு துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் சில நிமிடம் ஓட்டி, கை சுடாத அளவு வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. சென்சார் சாக்கெட்டால் கழற்றுங்கள். ஆக்சிஜன் சென்சாரின் மரை பெரும்பாலும் எம்18×1.5. புதியதை 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். புதுச் சென்சாரின் மரையில் பூச்சு இருந்தால் மேலும் எதுவும் தடவ வேண்டாம். இல்லையென்றால் சென்சாருக்கு உகந்த ஆன்டி-சீஸ் கொஞ்சம், மரையில் மட்டும், முனையில் படக் கூடாது.

கனெக்டருக்குள் கிரீஸ், சிலிக்கான், கான்டாக்ட் கிளீனர் எதுவும் போகக் கூடாது. பல சிர்கோனியா சென்சார்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பியின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. அதே காரணத்தால், கம்பி நீளம் போதாமல் ஒட்டுப்போட வேண்டி வந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள்.

மாட்டியதும் குறியீட்டை அழித்தால் சுயபரிசோதனைகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒன்டாரியோவில் சொந்தக் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019 ஏப்ரல் 1 முதல் இல்லை என்பதால் அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் வெளியே மைனஸ் 7-க்குக் கீழே நிற்கும்வரை அந்தப் பரிசோதனைகளில் பல ஓடாமலே இருக்கலாம், ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடு பதிவாகியிருந்தால் அதுவும் அதுவரை அழியாது. குளிர் சற்றுத் தணிந்த ஒரு நாளில் இரவு முழுக்க நின்ற வண்டியைக் கிளப்பி, நகரத்தில் பத்து நிமிடம், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர் இரண்டின் பரிசோதனையும் ‘முடிந்தது’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். விளக்கு எரியாமல் இருப்பதை மட்டும் வைத்துப் பழைய சென்சாரைத் தூக்கி எறிய வேண்டாம். அந்த வரி வரும்வரை பெட்டியில் இருக்கட்டும்.